லா டிப்ளமோ: சேருவதற்கு முன்பும் பணம் புரட்டுவதற்கு முன்பும்

சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய வாரம் அது. அக்கா மகள் போன் செய்தாள். பி.காம். முடித்துவிட்டுக் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கிறாள். "மாமா, லா டிப்ளமோ ஒண்ணு படிக்கலாம்னு இருக்கேன். வளையலை வச்சு ஃபீஸ் கட்டிரலாம்னு அம்மா சொல்றாங்க. சேரட்டுமா?" என்றாள்.

நான் இருபது வருடங்களாகத் தொழிலாளர் விவகாரங்களும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேலைகளும் பார்ப்பவன். மாதத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். பட்டம் முடித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என எல்லா வகையினரும் உண்டு. நான் அவர்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படிப்பின் பெயர் எந்த விதியில், எந்த வேலை அறிவிப்பில் எழுதியிருக்கிறது? பதில் இருந்தால் மற்றதைப் பேசலாம். பதில் இல்லாவிட்டால் வளையலைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. சட்டத்தில் முதுநிலைப் பட்டயம் வாங்கினால் கோர்ட்டில் நின்று வாதாடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 24-ஆம் பிரிவு, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்யச் சட்டப் பட்டம் வேண்டும் என்கிறது. பட்டயம் எத்தனை இருந்தாலும் ஒத்தக்கடை பக்கம் உலகநேரியில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளைக்குள் கருப்பு அங்கி போட்டுக்கொண்டு போக முடியாது. நான்கு மாத ஆன்லைன் வகுப்பை 'சட்டத் தொழில் டிப்ளமோ' என்று விளம்பரம் செய்பவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு வெளிநாடும் ஒரு காரணம். ஸ்காட்லாந்தில் எல்.எல்.பி. முடித்தவர், சட்டத் தொழிலுக்கான முதுநிலைப் பட்டயம் ஒன்றை முடித்து, பிறகு இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றுத்தான் சொலிசிட்டர் என்கிற வழக்கறிஞர் ஆகிறார். அங்கே டிப்ளமோதான் தொழிலுக்குள் போகும் வாசல். இங்கிலாந்திலும் பல்லாண்டுக் காலம் சட்டப் பட்டத்துக்குப் பின் ஒரு தொழிற்பயிற்சிப் படிப்பு கட்டாயமாக இருந்தது. 2021 முதல் அதன் இடத்துக்கு எஸ்.க்யூ.இ. என்ற பொதுத் தேர்வு வந்துகொண்டிருக்கிறது. அங்கிருக்கும் உறவினர் "டிப்ளமோ முடிச்சிட்டேன், டிரெயினி ஆயிட்டேன்" என்று சொல்வதைக் கேட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறோம். நம் நாட்டில் எல்.எல்.பி., பார் கவுன்சில் பதிவு, அப்புறம் அகில இந்திய பார் தேர்வு என்பதுதான் பாதை.

இதில் ஒரு சின்ன விலக்கு உண்டு. வழக்கறிஞர் அல்லாதவரும் பேசக்கூடிய மன்றங்கள் சில இருக்கின்றன. நுகர்வோர் ஆணையத்தில் மனுதாரர் தன் பிரதிநிதியாக ஒருவரை அனுப்பலாம் என்பதை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தொழில் தகராறுகளில் தொழிலாளிக்காகத் தொழிற்சங்க நிர்வாகி ஆஜராகலாம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வருவதற்குத்தான் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்பட்டன. மதுரையில் மில் சங்கங்களின் பழைய தலைவர்கள் பலர் சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமலே, பிரிவு எண்ணைத் தலைகீழாகச் சொல்லிப் பேசியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கும் அவர்களுக்கு உரிமை கொடுத்தது சங்கப் பொறுப்பு. படிப்பு கொடுத்தது அறிவை மட்டும்தான்.

சரி, அப்படியானால் இந்தப் பட்டயங்கள் எதற்கு?

எனக்குத் தெரிந்து நேரடியாகப் பலன் தருவது தொழிலாளர் சட்டப் பக்கம்தான். சென்னையில் தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் மாலை நேரத்திலும், தொழிலாளர் சட்டங்களும் நிர்வாகவியல் சட்டமும் பற்றிய பட்டயம் வார இறுதியிலும் நடத்துகிறார்கள். முதலில் சொன்ன பி.ஜி.டி.எல்.ஏ. என்கிற பெயரைத் தொழிற்சாலைகளின் பணியாளர் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். காரணம், தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 49-ஆம் பிரிவு 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அவருக்கு என்ன படிப்பு வேண்டும் என்பதை மாநில விதிகள் சொல்லின. சட்டம் கட்டாயமாக்கிய ஒரு நாற்காலிக்கு விதி சொல்லும் படிப்பு இருந்ததால்தான் இந்தப் பட்டயத்துக்கு மதிப்பு வந்தது.

இப்போது இந்தத் துறையே புரண்டு படுத்திருக்கிறது. 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து உருவாக்கிய நான்கு சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. நல அலுவலர் வைக்க வேண்டிய ஆலையின் அளவு 500-இலிருந்து 250 தொழிலாளர்களாக இறங்கியிருக்கிறது. அதாவது அந்த நாற்காலிகள் கூடுகின்றன. மறுபக்கம், மின்சாரம் பயன்படுத்தும் இடம் 'தொழிற்சாலை' என்று கணக்கில் வர முன்பு 10 பேர் போதும், இப்போது 20 பேர் வேண்டும். நிலையாணைகளும் (ஆலையின் வேலை நிபந்தனைகளை எழுதி வைக்கும் விதிகள்), ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதியும் 100 பேர் என்ற எல்லையிலிருந்து 300-க்குப் போய்விட்டன. குறிப்பிட்ட காலத்துக்கு வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. தொழிலாளிக்கு இவற்றில் எது லாபம், எது நஷ்டம் என்று நான் நாள் முழுக்கப் பேசுவேன். எல்லையை 300-க்கு உயர்த்தியதால் நம் பக்கத்துச் சின்ன மில் தொழிலாளிகள் ஒரு பாதுகாப்பை இழந்திருக்கிறார்கள் என்பது என் வருத்தம். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது சேரப் போகிறவர்கள் பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி, அதில் நான்கு தொகுப்புகளும் இருக்கின்றனவா, இல்லை 1947, 1948 சட்டங்களோடு நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய பாடத்தை முழுப் பணம் கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை.

அறிவுசார் சொத்துரிமைப் பட்டயம் இப்போது நன்றாக விற்கிறது. மதுரை மல்லிக்கும் சுங்குடிக்கும் திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு அதில் ஈர்ப்பு வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. காப்புரிமை முகவர் ஆவதற்கான தகுதியைக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் 126-ஆம் பிரிவு சொல்கிறது: அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம், கூடவே அரசு நடத்தும் தகுதித் தேர்வு. டிப்ளமோ பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அக்கா மகள் மாதிரி பி.காம். படித்தவர் எத்தனை பட்டயம் வாங்கினாலும் அந்தத் தேர்வை எழுத முடியாது. வணிகக் குறி முகவர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். அங்கேயும் டிப்ளமோ கட்டாயம் இல்லை. அந்தத் தேர்வுக்குத் தயாராவதற்காகப் படிக்கிறேன் என்றால் நியாயமான காரணம். இந்தத் துறை நமக்குப் பிடிக்குமா என்று பார்ப்பதற்காகவே சேருகிறவர்கள், உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஆன்லைனில் இலவசமாக நடத்தும் அடிப்படைப் பாடத்தை முதலில் முடித்துப் பார்க்கலாம்.

சைபர் சட்டம், மருத்துவச் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம், நுகர்வோர் சட்டம் போன்றவை ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவருக்குத்தான் கூடுதல் பலம். மருத்துவமனை நிர்வாகி மருத்துவச் சட்டம் படிக்கலாம். வங்கியில் இருப்பவர் சைபர் சட்டம் படிக்கலாம். இதை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு முதல் வேலை தேடுவது கடினம்.

எங்கே படிப்பது? பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி பல ஆண்டுகளாகத் தொலைநிலையில் ஓராண்டுப் பட்டயங்களை நடத்திவருகிறது, எந்தப் பட்டதாரியும் சேரலாம். 1956-இல் தொடங்கிய டெல்லி இந்தியச் சட்டக் கழகம் பெயர் பெற்றது. இக்னோவில் அறிவுசார் சொத்துரிமை முதுநிலைப் பட்டயம் உண்டு. அதன் மண்டல மையம் நம் சிக்கந்தர் சாவடியிலேயே இருப்பதால், ஒரு சந்தேகம் என்றால் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வரலாம். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரு முறை அங்கே சேர்க்கை நடக்கிறது. மற்றபடி யார் பெயர் சொன்னாலும், பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்த நிறுவனமும் அந்தக் குறிப்பிட்ட படிப்பும் அந்த ஆண்டுக்கு அனுமதி பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். நிறுவனத்துக்கு அனுமதி இருக்கும், படிப்புக்கு இருக்காது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் காரணம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு டிப்ளமோ படித்தேன். பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை, பெரிய போர்டு, வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர். அப்பா சீட்டு எடுத்துப் பணம் கட்டினார். ஒன்பது மாதத்தில் தங்க நிற முத்திரையோடு சான்றிதழ் வந்தது. ஒரு மில்லில் நல அலுவலர் வேலைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பணியாளர் மேலாளர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, இது விதிப் பட்டியல்ல இல்லையே" என்று மென்மையாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மறுபடி போனபோது அந்த மாடி அறையில் வேறு கடை இருந்தது. அப்பா அந்தச் சீட்டுக்கு மேலும் பதினான்கு மாதம் தவணை கட்டினார்.

விண்ணப்பத்துக்கு வருவோம். ஆட்களை உண்மையில் அலைய விடுவது மதிப்பெண் இல்லை, இனிஷியல்தான். நம் ஊரில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'எஸ். கவிதா' என்று இருக்கும். பட்டச் சான்றிதழில் 'கவிதா எஸ்.' என்று இருக்கும். ஆதாரில் அப்பா பெயரை விரித்து 'கவிதா செல்வம்' என்று போட்டிருப்பார்கள். கல்யாணமான பெண்ணுக்கு பான் கார்டில் கணவர் பெயர் சேர்ந்திருக்கும். மனிதர் பார்த்தால் ஒரே ஆள் என்று புரியும், கணினிக்குப் புரியாது. 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்புகளில் சேர மாணவர் ஒவ்வொருவரும் மானியக் குழுவின் அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் டெப் ஐடி என்கிற எண்ணைத் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் கல்வி மதிப்பெண் வங்கியின் ஏபிசி ஐடி வேண்டும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஆதார். எனவே படிப்பு தேடுவதற்கு முன்பே ஆதாரில் உள்ள பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆதாரைத் திருத்துவது எளிது. சான்றிதழில் பிழை என்றால் பள்ளி, தேர்வுத் துறை என்று நீளும். பெயரையே மாற்ற வேண்டியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு வரை போகும். சேர்க்கை முடிய ஒரு வாரம் இருக்கும்போது இதைத் தொடங்கினால் அந்த ஆண்டு போய்விடும்.

மற்ற தாள்கள் வழக்கமானவைதான்: பட்டச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். கடைசி இரண்டும் இ-சேவை மையம் வழியாக வாங்கலாம். +2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் மட்டும் கூடுதலாக யோசிக்க வேண்டும். அந்தப் பட்டத்தை வைத்து எல்.எல்.பி. சேர பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. டிப்ளமோவில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதால் எல்.எல்.பி.யிலும் சேர்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி பணம். கல்விக் கடன் என்றதும் எல்லோருக்கும் வித்யாலட்சுமி தளம் நினைவுக்கு வரும். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது, மாணவர் தன் பங்காக எதுவும் போட வேண்டியதும் இல்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்கு அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் சேர்பவர்களுக்கு. அதில் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் முழுநேரப் படிப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வார இறுதி வகுப்பு, அஞ்சல்வழிப் பட்டயம் என்று போய் நின்றால், வங்கி மேலாளர் பெரும்பாலும் கையை விரிப்பார். அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை.

அதனால் டிப்ளமோவுக்கு வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும். வேலையில் இருப்பவர்கள் முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள். நம் ஊரில் கேட்கக் கூச்சப்பட்டே பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய தொழிலாளர் தொகுப்புகள் வந்து எல்லா ஆலைகளும் பதிவேடுகளை மாற்றிக்கொண்டிருக்கும் நேரம் இது. அது தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவை. பாதிக் கட்டணம் தருகிறோம், ஆனால் இரண்டு வருடம் விலகக் கூடாது என்று கையெழுத்து கேட்பார்கள். இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போடலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் படிப்புக்கும் அது பொருந்துமா என்பதைச் சேரும் முன்பே ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள நலத்துறை அலுவலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகையை இதற்கு எதிர்பார்க்காதீர்கள். அது கலந்தாய்வு வழியாகச் சேரும் தொழிற்கல்விப் பட்டங்களுக்கானது.

நகைக் கடன் கடைசி வழி. எடுத்தே ஆக வேண்டுமென்றால் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ எடுங்கள். ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். கூடுதலாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கூடுதலாக வாங்க வேண்டாம். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் வட்டி 6,000. அதே பணத்தை நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்று தெருவில் வாங்கினால் ஆண்டுக்கு 30,000. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. ஆனாலும் பள்ளி, கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் மதுரைத் தெருக்களில் அந்த வட்டிக்குப் பணம் வாங்குகிறவர்களை நான் இன்னும் பார்க்கிறேன். ஒரு படிப்புக்காக அந்த வாசலில் போய் நிற்காதீர்கள், தயவு செய்து.

வரிச் சலுகை ஒன்றும் இருக்கிறது. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வருமான வரியில் கழிவு பெறலாம். முன்பு 80இ என்று இருந்த பிரிவு, 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்தில் 129 ஆகியிருக்கிறது. வங்கி போன்ற நிதி நிறுவனங்களிடம் படிப்புக்காக வாங்கிய கடனாக இருக்க வேண்டும், பழைய வரி முறையில் இருக்க வேண்டும். மாமனாரிடம் கைமாற்றாக வாங்கியது கணக்கில் வராது.

உண்மையில் அங்கிதான் ஆசை என்றால், டிப்ளமோவுக்குச் செலவிடும் வருடத்தையும் பணத்தையும் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு வையுங்கள். பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியலினத்தவருக்கு 40 என்பது பார் கவுன்சில் விதி. அஞ்சல்வழி எல்.எல்.பி. செல்லாது. மதுரை அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுமையாக இருக்காது. முடித்த பின் பதிவுக் கட்டணம் பற்றிய பயமும் குறைந்திருக்கிறது. சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியலினத்தவரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்றது. எல்லா சீனியர்களும் தருகிறார்களா என்று கேட்டால், ஜூனியர்களின் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு இப்போது ஒரு எண் இருக்கிறது.

அக்கா மகளிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அறிவுசார் சொத்துரிமையை அவளே விட்டுவிட்டாள். "நான் பார்க்கிற வேலைக்கு லேபர்தான் மாமா" என்றாள். சென்னை வார இறுதிப் பட்டயத்துக்கு மனு போடுவது என்று முடிவானது. ஆதாரில் இனிஷியலைத் திருத்த விண்ணப்பித்துவிட்டாள். அவள் மேலாளர் பாதிக் கட்டணத்துக்குக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், மீதியைச் சம்பளத்திலிருந்து கட்டுகிறாள். வளையல் அக்கா கையிலேயே இருக்கிறது.

எங்கள் கணக்கில் கடைசியாக வந்து நின்றது பயணச் செலவு. வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ், ஞாயிற்றுக்கிழமை இரவு திரும்பி அதே பாண்டியன், நடுவில் சித்தி வீட்டில் ஓர் இரவு. ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் படிப்பின் கட்டணத்தைத் தாண்டிவிடுகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், வெள்ளி இரவு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் இடம் கிடைத்த தகவல் வந்ததும் முதல் இரண்டு மாதத்து வெள்ளிக்கிழமைகளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.